இங்கிலாந்தில் வெளிநாட்டு ஆசிரியர்கள்

இங்கிலாந்தில் வெளிநாட்டு ஆசிரியர்கள் எனப்படுவோர், வேறொரு நாட்டில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அந்நாட்டு விதிகளின்படி ஆசிரியராகப் பணிபுரியும் தகுதியை அடைந்தபின் இங்கிலாந்தின் பள்ளிகளில் பணி நாடுவோரும் பணிபுரிவோரும் ஆவர். இவர்கள் மூன்று தனித்தனி வாயில்களைக் கடக்க வேண்டியுள்ளது. அவை தொழில் தகுதிக்கான ஏற்பு, பள்ளியொன்றின் பணி நியமனம், நாட்டினுள் தங்கிப் பணிபுரிவதற்கான நுழைவிசைவு (விசா) என்பனவாகும். இம்மூன்றையும் வழங்கும் அமைப்புகள் வெவ்வேறானவை. ஒன்றைப் பெற்றவர் மற்ற இரண்டையும் பெற்றவராக மாட்டார். தகுதி ஏற்பு பெற்றும் வேலை கிடைக்காமல் போகலாம். வேலை கிடைத்தும் தகுதி ஏற்கப்படாமையால் குறைந்த ஊதியத்தில் பணிபுரிய நேரலாம்.

ஐக்கிய இராச்சியத்தின் நான்கு பகுதிகளும் கல்வியில் தனித்தனி நிர்வாகம் உடையவை. இங்கிலாந்தின் விதிகள் மற்ற பகுதிகளுக்குப் பொருந்தா. இசுக்காட்லாந்தில் பணிபுரிய 1965-இல் நிறுவப்பட்ட இசுக்காட்லாந்துப் பொது ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றிலும் பதிவு விதிகள் தனியானவை. விசா மட்டும் நான்கு பகுதிகளுக்கும் பொதுவாக ஐக்கிய இராச்சிய உள்துறையால் வழங்கப்படுகிறது.

தகுதியுற்ற ஆசிரியர் நிலை

இங்கிலாந்தில் ஆசிரியர் தொழிலுக்குரிய சட்டபூர்வமான தகுதி, "தகுதியுற்ற ஆசிரியர் நிலை" எனப்படும். இது ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாகக் கியூ.டி.எஸ். என வழங்கப்படுகிறது. இது பல்கலைக்கழகப் பட்டம் அன்று. ஒருவரின் பட்டத்தையும் பயிற்சியையும் ஆராய்ந்தபின் அரசு அளிக்கும் தொழில் நிலையாகும். இதனை வழங்கும் பொறுப்பு, 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஆசிரியப்பணி ஒழுங்குமுறை முகமையிடம் உள்ளது. இம்முகமை கல்வித் துறையின் ஓர் அங்கமாகும்.

உள்ளூராட்சி மன்றங்களின் பராமரிப்பில் உள்ள அரசுப் பள்ளிகளில் நிலையான ஆசிரியராகப் பணிபுரியப் பொதுவாகக் கியூ.டி.எஸ். தேவை. தனியார் கட்டணப் பள்ளிகளுக்கு இவ்விதி இல்லை. அரசு நிதியில் தன்னாட்சியுடன் இயங்கும் அகாதமிப் பள்ளிகளுக்கு 2012-இல் இவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அகாதமி ஆசிரியர்களும் இந்நிலையைப் பெற்றிருக்க வேண்டும் அல்லது பெறும் முயற்சியில் இருக்க வேண்டும் எனக் கோரும் சட்டமுன்வரைவு 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. சட்டத்தால் கட்டாயம் இல்லாத பள்ளிகளிலும், விண்ணப்பதாரர்களைத் தெரிவு செய்கையில் கியூ.டி.எஸ். உடையோருக்கு முன்னுரிமை அளிப்பது வழக்கம்.

வரலாறு

பொதுநலவாயக் குடியேற்றக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கரிபியன் தீவுகள், இந்தியா, பாக்கித்தான் முதலிய இடங்களிலிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பலர் பிரித்தானியாவுக்குச் சென்றனர். பிரித்தானியக் கயானாவில் பயிற்சி பெற்ற ஆசிரியையான பெரில் கில்ராய் 1950-களின் தொடக்கத்தில் இலண்டனை அடைந்தார். ஆசிரியப் பணி கிடைக்காமையால் அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் ஒன்றில் எழுத்தராகவும், பின்னர் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் வேலை பார்த்தார். அதன் பின்னரே அவருக்குப் பள்ளிப் பணி கிடைத்தது. 1969-இல் அவர் இலண்டனில் தொடக்கப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் ஆனார். பிரித்தானியாவின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியர்களுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார். தம் அனுபவங்களை 1976-இல் நூலாக வெளியிட்டார்.

1962-ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடியேறிகள் சட்டம், வேலை உரிமைச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. இதில் "ஆ" பிரிவு, ஆசிரியர், மருத்துவர் முதலிய தொழில் தகுதி உடையோருக்கு உரியது. 1965-இல் வெளியிடப்பட்ட வெள்ளை அறிக்கை ஆண்டுக்கு மொத்தம் 8,500 சீட்டுகள் என வரம்பிட்டது. ஆசிரியர் என்ற தகுதியின் பெயரிலேயே சீட்டுப் பெற்று நாட்டினுள் நுழைந்த தெற்காசியர் பலர், பள்ளிகளில் இடம் கிடைக்காமல் தொழிற்சாலைகளிலும் பேருந்துகளிலும் பணிபுரிந்தனர். அவர்களின் ஆங்கில உச்சரிப்பும் கற்பிக்கும் முறையும் தடையாகக் கூறப்பட்டன. குடியேற்ற அதிகாரிகள் ஏற்ற தகுதியைப் பள்ளிகள் ஏற்கவில்லை. தகுதி ஏற்பும் நுழைவுரிமையும் வெவ்வேறானவை என்பதற்கு இக்காலம் ஒரு சான்றாகும்.

நான்காண்டு விதி

1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கடும் ஆசிரியர் பற்றாக்குறை நிலவியது. தென்னாப்பிரிக்கா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து தனியார் முகமைகள் ஆசிரியர்களைத் திரட்டின. இவ்வாறு வந்தோருள் பலர் விடுப்பில் சென்றவர்களுக்கு மாற்றாக நாள் கூலி அடிப்படையில் பணிபுரியும் பதிலி ஆசிரியர்களாயினர்.

வெளிநாடுகளில் பயிற்சி பெற்றோர் கியூ.டி.எஸ். இல்லாமலேயே அரசுப் பள்ளிகளில் நான்கு ஆண்டுகள் வரை கற்பிக்கலாம் என்பது நான்காண்டு விதி எனப்படும். முதன்முதலில் வகுப்பில் கற்பித்த நாளிலிருந்து இக்காலம் கணக்கிடப்படும். இடையில் பணியில்லாமல் இருந்த காலமும், நாடு திரும்பி மீண்டும் வந்த காலமும் இதில் கழிக்கப்படுவதில்லை. நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் கியூ.டி.எஸ். பெறாதவர் அப்பள்ளிகளில் ஆசிரியராகத் தொடர இயலாது. தாய்நாட்டில் பல்லாண்டு அனுபவம் உடையவர்களும் இக்காலத்தில் "தகுதியற்ற ஆசிரியர்" என்னும் ஊதியப் பிரிவில் வைக்கப்படலாம்.

2012, 2023 மாற்றங்கள்

ஐரோப்பிய நாடுகளில் தகுதி பெற்ற ஆசிரியர்கள், தொழில் தகுதிகளை ஒன்றுக்கொன்று ஏற்கும் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையின்கீழ் கியூ.டி.எஸ். பெற்றுவந்தனர். 2012 ஏப்ரலில் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் ஆசிரியர்களுக்கும் மேலதிகப் பயிற்சியின்றி இந்நிலை வழங்கப்பட்டது. இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, கரிபியன் ஆகிய இடங்களின் ஆசிரியர்களுக்கு அப்போது அவ்வசதி அளிக்கப்படவில்லை.

2023 பெப்ரவரியில் புதிய இணையவழி விண்ணப்ப முறை தொடங்கப்பட்டது. இதன்வழி இந்தியா, உக்ரைன், கானா, சிங்கப்பூர், சிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, ஜமைக்கா, ஆங்காங் ஆகிய ஒன்பது இடங்களின் ஆசிரியர்கள் முதன்முறையாக நேரடியாக விண்ணப்பிக்க இயன்றது. எனினும் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான புதிய நாடுகளுக்குப் பாட வரம்பு விதிக்கப்பட்டது. கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றை 11 முதல் 16 வயது வரையான மாணவர்களுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றோரே இவ்வழியில் விண்ணப்பிக்க இயன்றது. இங்கிலாந்தில் பற்றாக்குறை மிகுந்த பாடங்களும் இவையே ஆகும்.

தகுதி நிபந்தனைகள்

2023 முறையின்கீழ் விண்ணப்பதாரரிடம் எதிர்பார்க்கப்படும் முதன்மையான தகுதிகள் பின்வருமாறு:

- ஐக்கிய இராச்சியத்தின் இளங்கலைப் பட்டத்துக்கு நிகரான பட்டம்.
- பட்ட நிலையிலான ஆசிரியர் பயிற்சி. பயிற்சி ஏறத்தாழ ஒரு முழுக் கல்வியாண்டேனும் நடந்திருத்தல் வேண்டும்.
- பயிற்சி பெற்ற நாட்டிலேயே ஆசிரியராகப் பணிபுரியும் தகுதி.
- 5 முதல் 16 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கும் தகுதி.
- பயிற்சியை முடித்தபின் குறைந்தது ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு கற்பித்த அனுபவம்.
- ஐரோப்பிய மொழித் திறன் அளவுகோலில் "பி 2" நிலையிலான ஆங்கில அறிவு.
- பணித்தடையோ ஒழுங்கு நடவடிக்கைத் தடையோ இல்லை என்பதற்கான பணிநிலைச் சான்று.

பயிற்சியின் நிலை பற்றிய நிபந்தனை முக்கியமானது. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெறும் ஆசிரியர் கல்விப் பட்டயம் பட்ட நிலைக்குக் கீழானது. ஆகவே அது மட்டும் போதாது. கல்வியியல் இளங்கலை எனப்படும் பி.எட். பட்ட நிலையிலான பயிற்சி ஆகும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளால் இந்தியாவில் பி.எட். படிப்பு ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்த்தப்பட்டது.

விண்ணப்ப முறை

கியூ.டி.எஸ். விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. ஆவணங்களைப் பெறுவதற்கும், தமிழ் முதலிய மொழிகளில் உள்ளவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதற்கும், ஆங்கிலத் தேர்வு எழுதுவதற்கும் ஆகும் செலவு விண்ணப்பதாரரைச் சாரும். பொதுவாக வேண்டப்படும் ஆவணங்கள்:

- கடவுச்சீட்டு அல்லது பிற அடையாள ஆவணம்
- பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும்
- ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் அதன் மதிப்பெண் பட்டியல்களும்
- பணிபுரிந்த பள்ளிகளின் விவரமும் அங்குள்ள பொறுப்பாளர்களின் தொடர்பு விவரமும்
- பட்டப்படிப்பு ஆங்கில வழியில் நடந்தது என்னும் சான்று அல்லது ஏற்கப்பட்ட ஆங்கிலத் தேர்வின் முடிவு
- பணிநிலைச் சான்று

அனுபவத்தை உறுதிப்படுத்த, முன்பு பணிபுரிந்த பள்ளிகளை முகமையே தொடர்பு கொள்ளும். ஆகவே பழைய பள்ளியின் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவித்து வைத்தல் நலம். சான்றிதழ்களில் பெயரும் முன்னெழுத்தும் வேறுபட்டிருப்பது தென்னிந்தியரிடம் பொதுவாகக் காணப்படுகிறது. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட பட்டச் சான்றிதழுக்கும், அதனைக் குடும்பப் பெயராக விரித்து எழுதிய கடவுச்சீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கும் ஆவணம் தேவைப்படலாம்.

தகுதி ஏற்கப்பட்டால் ஆசிரியரின் பெயர் அரசின் ஆசிரியர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, ஏழு இலக்க எண் ஒன்று வழங்கப்படும். போதிய அனுபவம் இல்லாதோர் பணியில் சேர்ந்தபின் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான பயிற்சிக் காலத்தையும் முடிக்க வேண்டியிருக்கும். இக்காலம் 2021 செப்டம்பர் முதல் இரண்டு ஆண்டுகளாக உள்ளது.

பிற வழிகள்

நேரடி விண்ணப்பத்துக்குரிய நாடு, பாடம், வயது வரம்பு ஆகியவற்றுள் அடங்காதோருக்கு வேறு வழிகள் உள்ளன.

- மதிப்பீட்டு வழி: ஏற்கனவே இங்கிலாந்துப் பள்ளியில் கற்பிப்பவரும் பட்டமும் போதிய அனுபவமும் உடையவருமான ஒருவர், மேலதிகப் பயிற்சியின்றித் தம் கற்பிக்கும் திறனை மதிப்பிடச் செய்து கியூ.டி.எஸ். பெறுவது.
- மீள்பயிற்சி: இங்கிலாந்தில் ஓராண்டு ஆசிரியர் பயிற்சியை மீண்டும் பெறுவது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இது செலவு மிகுந்த வழியாகும்.
- பன்னாட்டுக் கியூ.டி.எஸ்.: இங்கிலாந்தின் பயிற்சி நிறுவனங்கள் பிற நாடுகளில் இருப்போருக்கு அவரவர் நாட்டிலேயே வழங்கும் பயிற்சி. இது 2022-இல் சோதனை முறையில் தொடங்கப்பட்டது.

பணி தேடலும் நியமனமும்

இங்கிலாந்தில் ஆசிரியர்களை மாநில அளவில் தேர்வு வைத்துத் தெரிவு செய்யும் முறை இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தனக்கு வேண்டிய ஆசிரியரைத் தானே விளம்பரம் செய்து நியமிக்கிறது. இந்தியாவின் ஆசிரியர் தேர்வு வாரிய முறைக்கும், இலங்கையில் அரசு ஆசிரியர்களை நியமித்து இடமாற்றம் செய்யும் முறைக்கும் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும்.

கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கும். செப்டம்பரில் பணியிலிருந்து விலகவுள்ள ஆசிரியர்கள் பொதுவாக மே 31-ஆம் நாளுக்குள் பதவி விலகல் கடிதம் அளிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே பெப்ரவரி முதல் மே வரை விளம்பரங்கள் மிகுதியாக வெளிவரும். நேர்காணலின்போது மாதிரி வகுப்பு நடத்தச் சொல்வது பெருவழக்கு. வெளிநாட்டினருக்கு நேர்காணல் காணொளி வழியாகவும் நடைபெறுகிறது.

நியமனத்துக்கு முன் மாணவர் பாதுகாப்பை முன்னிட்டுக் குற்றப் பின்னணிச் சோதனை செய்யப்படும். கடந்த பத்தாண்டுகளில் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் காவல் துறையிடமிருந்தும் விண்ணப்பதாரர் நற்சான்று பெற வேண்டும். இந்தியாவில் இச்சான்று கடவுச்சீட்டு அலுவலகங்கள் வழியாக வழங்கப்படுகிறது. வளைகுடா நாடுகளில் முன்பு பணிபுரிந்தவர்கள் அந்நாடுகளிலிருந்தும் சான்று பெற வேண்டியிருப்பதால் காலம் நீளக்கூடும்.

வகுப்பறை நடைமுறையிலும் வேறுபாடுகள் உள்ளன. அரசுப் பள்ளிகளில் மாணவரை அடித்தல் 1987 முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. தனியார் பள்ளிகளுக்கும் இத்தடை 1999-இல் விரிவுபடுத்தப்பட்டது. மாணவர் ஒழுங்கைச் சொல்லாலும் பள்ளியின் விதிகளாலும் காப்பது ஆசிரியரின் அடிப்படைத் திறனாகக் கருதப்படுகிறது. நேர்காணலில் இதுபற்றிய வினாக்கள் இடம்பெறக்கூடும்.

விசா

ஐரோப்பிய நாட்டவர் உட்பட வெளிநாட்டு ஆசிரியர் பெரும்பாலோர் "திறன்பெற்ற தொழிலாளர்" விசாவைப் பெறுகின்றனர். இம்முறை 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு உள்துறையின் உரிமம் பெற்ற பள்ளியோ உள்ளூராட்சி மன்றமோ வேலை அளித்து, சி.ஓ.எஸ். எனப்படும் ஸ்பான்சர் சான்று வழங்க வேண்டும். பெயரில் சான்று எனினும் இது தாள் அன்று. கணினியில் பதிவாகும் ஓர் எண்ணாகும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை உள்துறை பொதுவில் வெளியிடுவதால், வேலை அளிப்பதாகக் கூறும் பள்ளி அதில் உள்ளதா என எவரும் சரிபார்க்கலாம்.

விசாவுக்கான ஆங்கிலத் தகுதி தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும். கியூ.டி.எஸ். விண்ணப்பத்தில் ஏற்கப்பட்ட ஆவணம் இங்கு ஏற்கப்படாமல் போகலாம். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து விண்ணப்பிப்போர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றையும் இணைக்க வேண்டும். விசாக் கட்டணத்துடன் மருத்துவச் சேவைக்கான மேல்வரியும் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். 2024 பெப்ரவரியில் இவ்வரி வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டாக உயர்த்தப்பட்டது. மூன்றாண்டு விசாவில் கணவரும் மனைவியும் சென்றால் அவ்வீதப்படி இவ்வரி மட்டும் 6,210 பவுண்டு ஆகும்.

ஊதியமும் தகுதி ஏற்பும்

தகுதி ஏற்பின் மதிப்பை ஊதிய விகிதங்களால் அறியலாம். 2024 செப்டம்பரில் தொடங்கிய கல்வியாண்டில், இலண்டனுக்கு வெளியே கியூ.டி.எஸ். பெற்ற ஆசிரியரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 31,650 பவுண்டு. தகுதியற்ற ஆசிரியர் பிரிவின் குறைந்தபட்ச ஊதியம் 21,731 பவுண்டு. வேறுபாடு 9,919 பவுண்டு. ஒரே பள்ளியில் ஒரே பாடத்தை அடுத்தடுத்த வகுப்பறைகளில் கற்பிக்கும் இருவருக்கிடையே இவ்வேறுபாடு இருக்கக்கூடும். விசாவுக்குரிய ஊதிய நிபந்தனையும் உள்ளதால், குறைந்த ஊதியப் பிரிவு சிலருக்கு விசா கிடைப்பதையும் பாதிக்கலாம். இக்காரணங்களால், வேலை தேடுவதற்கு முன்னரே கியூ.டி.எஸ். பெறுதல் ஆசிரியருக்கு நன்மை பயக்கும்.

இடைத்தரகர்கள்

வெளிநாட்டு வேலை நாடுவோர் இழப்புக்கு உள்ளாவது பெரும்பாலும் இடைத்தரகர்களிடமே ஆகும். இதன் தொடர்பில் அறிந்திருக்க வேண்டிய விதிகள் சில:

- ஐக்கிய இராச்சியத்தின் 1973-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு முகமைகள் சட்டப்படி, வேலை தேடித் தருவதற்காக வேலை நாடுவோரிடம் கட்டணம் வாங்குதல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. கட்டணத்தைப் பள்ளியே செலுத்தும்.
- வெளிநாட்டுப் பணியாளரை அமர்த்துவதற்காக நிறுவனம் செலுத்தும் குடியேற்றத் திறன் வரியைப் பணியாளரிடம் வசூலிக்கக் கூடாது. 2024 இறுதியிலிருந்து இவ்விசாவுக்கான ஸ்பான்சர் உரிமக் கட்டணத்துக்கும் சி.ஓ.எஸ். கட்டணத்துக்கும் இத்தடை விரிவுபடுத்தப்பட்டது.
- இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். இச்சட்ட விதிகளின்படி முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு, வரி நீங்கலாக, 30,000 ரூபாய் என 2017-இல் நிர்ணயிக்கப்பட்டது.

இலட்சக்கணக்கான ரூபாய்க்கு "சி.ஓ.எஸ். விற்பனை" செய்வதாகக் கூறுவோர் மேற்கூறிய விதிகளுக்கு மாறாக நடப்பவர்கள் ஆவர். கடன் வாங்கிப் பணம் செலுத்திச் சென்றவர், பணியிடத்தில் குறையிருப்பினும் கடனை எண்ணி விலக இயலாத நிலைக்குத் தள்ளப்படுகிறார். விசா ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துடன் பிணைக்கப்பட்டிருப்பது இந்நிலையை மேலும் கடினமாக்குகிறது. வேறு பள்ளிக்கு மாற விரும்புபவர், அப்பள்ளியிடமிருந்து புதிய ஸ்பான்சர் சான்று பெற்று, மீண்டும் உள்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. இலங்கையில் 1985-இல் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முகவர்களும், வேலைக்காக வெளிநாடு செல்வோரும் பதிவு செய்ய வேண்டும். இலங்கை முகவரின் உரிமத்தை அப்பணியகத்தில் சரிபார்த்துக் கொள்ளலாம்.

பொதுநலவாய ஆசிரியர் நியமன நெறிமுறை

2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆள்திரட்டல், ஆசிரியர்களை இழந்த நாடுகளில் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. மக்கள் தொகை குறைந்த கரிபியன் நாடுகளில் கணித, அறிவியல் ஆசிரியர்கள் கல்வியாண்டின் நடுவில் விலகிச் சென்றமையால் வகுப்புகள் ஆசிரியரின்றி நின்றன. 2002-இல் பார்படோசில் கூடிய பொதுநலவாய நாடுகளின் கூட்டம் இதுபற்றி விவாதித்தது. 2003-இல் எடின்பரோவில் நடந்த கல்வி அமைச்சர்கள் மாநாட்டைத் தொடர்ந்து உருவாக்கப்பட்ட நெறிமுறை, 2004 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தின் லிங்கன்சயரில் ஏற்கப்பட்டது.

ஆசிரியரின் இடம்பெயரும் உரிமையையும், நாடுகள் தம் கல்வி முறையைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் சமநிலைப்படுத்துவதே இதன் நோக்கமாகும். கல்வியாண்டின் நடுவில் ஆசிரியர்களைத் திரட்டுதல் கூடாது. திட்டமிட்ட ஆள்திரட்டல் பற்றி அனுப்பும் நாட்டுக்கு அறிவிக்க வேண்டும். வெளிநாட்டு ஆசிரியருக்கு உள்நாட்டு ஆசிரியருக்கு நிகரான பணி நிலைமைகள் வழங்கப்பட வேண்டும் என்பன இதன் முக்கியக் கூறுகள். எனினும் இது சட்டப் பிணைப்பு உடையதன்று.

விமர்சனங்கள்

நடப்பு முறை பற்றி இருவேறு திசைகளிலிருந்து விமர்சனங்கள் எழுகின்றன. முதலாவது, பாட வரம்பு பற்றியது. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பி.எட். படித்த இயற்பியல் ஆசிரியரின் பயிற்சி ஏற்கப்பட்டு, வரலாற்று ஆசிரியரின் பயிற்சி ஏற்கப்படாமை, பயிற்சியின் தரத்தைவிட இங்கிலாந்தின் தேவையே அளவுகோலாக இருப்பதைக் காட்டுகிறது என்பர். இரண்டாவது, ஆசிரியரை அனுப்பும் நாடுகளின் இழப்பைப் பற்றியது. அந்நாடுகளின் பொதுப் பணத்தில் பயிற்றுவிக்கப்பட்ட கணித, அறிவியல் ஆசிரியர்களையே இம்முறை ஈர்க்கிறது.

இவ்விரண்டு விமர்சனங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றினும், தகுதி ஏற்பு ஆசிரியரின் பாதுகாப்பு என்பதில் இரு தரப்பினருக்கும் உடன்பாடு உண்டு. நாடு கடந்து செல்லும் ஆசிரியர் அங்கும் ஆசிரியராகவே மதிக்கப்படுவதற்குத் தகுதி ஏற்பே அடிப்படை ஆகும்.

இவற்றையும் பார்க்க

- ஐக்கிய இராச்சியத்தில் கல்வி
- ஆசிரியர் கல்வி
- பொதுநலவாய நாடுகள்
- பெரில் கில்ராய்
- மூளைசாலிகள் வெளியேற்றம்